தொடக்கப் பள்ளிச் செயல்திட்டங்களையும் வீட்டு வாசிப்பையும் பெற்றோருக்குத் தெரிவிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் செய்திகளில் பெரும்பாலானவை தேர்வுத் தேதி, விடுமுறை, சீருடை, ஆதார் நகல் ஆகியவற்றைப் பற்றியவையாகவே இருக்கின்றன. குழந்தை இந்த வாரம் எந்தக் கதையைப் படிக்கிறது, எந்தச் செயல்திட்டத்துக்காக வீட்டில் கேள்வி கேட்கப் போகிறது, அப்போது வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்தால் போதும் என்ற செய்தி போய்ச் சேர்வதே அரிது. அது சேராத வீடுகளில், கடைசி நாள் இரவில் தெர்மாகோலும் வண்ணத்தாளும் வாங்கி வந்து அம்மாவே செயல்திட்டத்தைச் செய்து முடிப்பதும், வாசிக்கக் கொடுத்தனுப்பிய புத்தகம் பையிலிருந்து வெளியே எடுக்கப்படாமலேயே பள்ளிக்குத் திரும்புவதும் வழக்கமாகிவிட்டன.

நம் பகுதியில் இதற்கெனத் தனிக் காரணங்களும் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு விகிதம் மிகக் குறைவாக இருந்த மாவட்டம் தருமபுரி. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பின்னலாடை வேலைக்குத் திருப்பூருக்கும் போகும் பெற்றோர் பலர். அவர்களுடைய குழந்தைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டுமொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கிறது. ஆகவே, 'பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பவும்' என்று முடியும் ஓர் அச்சிட்ட சுற்றறிக்கை இங்கே பல வீடுகளில் எதையும் தெரிவிப்பதில்லை. மாலையில் குழந்தையின் பக்கத்தில் இருப்பவர் யாரோ, அவருக்குப் புரியும் வழியில் செய்தி போக வேண்டும். அவரால் செய்ய முடிந்ததை மட்டுமே அது கேட்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றை நிறைவேற்றுவதற்காகவே.

முதல் படி: வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குழந்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தையோடு வீட்டில் இருப்பவர் யார், அவருக்குத் தமிழ் படிக்க வருமா, வீட்டில் பேசும் மொழி எது, கைபேசி யாரிடம் இருக்கிறது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரப் பதிவான எமிஸில் இருக்கும் கைபேசி எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அந்த எண் ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் அப்பாவுடையதாக இருக்கலாம். குழந்தையின் பாடத்தைக் கேட்பவரோ சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியாக இருக்கலாம்.

படிக்கத் தெரியுமா என்று பெரியவர்களிடம் நேராகக் கேட்பது அவர்களைப் புண்படுத்தும். 'செய்தியை எழுதி அனுப்பட்டுமா, குரலாகப் பேசி அனுப்பட்டுமா, எது உங்களுக்குச் சௌகரியம்?' என்று கேட்டால் விடை தானாக வந்துவிடும். இந்த நோட்டு ஆசிரியரின் மேசைக்குள் இருக்க வேண்டியது. மற்றப் பெற்றோரின் கண்ணில் படும் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: செய்தி போகும் வழியை முடிவு செய்யுங்கள்

வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே பல பள்ளிகளில் இருக்கிறது. அதில் காலை வணக்கப் படங்களும் பூ விலையும் பகிரப்படும்போது ஆசிரியரின் செய்தி மேலே போய் மறைந்துவிடுகிறது. நிர்வாகி மட்டும் பதிவிடும் வகையில் வகுப்புக்குத் தனியாக ஒரு குழுவை அமையுங்கள். வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அதில் போடாதீர்கள். வேலைக்குப் போனவர்கள் திரும்பி, அடுப்பு வேலை முடிந்து, கைபேசி கைக்கு வரும் இரவு எட்டு மணியையொட்டி அனுப்புவது நல்லது. காலை பதினொரு மணிக்கு அனுப்பிய செய்தியை இரவில் தேடிப் பிடித்துப் படிப்பவர்கள் குறைவு.

எழுத்துச் செய்தியோடு ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல் பதிவையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதில் புத்தகத் தமிழில் பேசினால் அரசு அறிவிப்பு போல ஒலித்து யார் காதிலும் ஏறாது. வீட்டு வாசலில் நின்று பேசுவதுபோலப் பேசுங்கள். ஒரு மாதிரி: 'வணக்கங்க. மூணாம் வகுப்பு டீச்சர் பேசுறேன். இன்னிக்கு பிள்ளைங்க பையில ஒரு சின்ன கதைப் புத்தகம் வெச்சு விட்டிருக்கேன். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து கேளுங்க. உங்களுக்குப் படிக்க வரலைன்னாலும் பரவாயில்லைங்க, நீங்க கேட்டாலே போதும். கதையில என்ன ஆச்சுன்னு மட்டும் பிள்ளைகிட்ட ஒரு தடவை கேளுங்க. வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் திருப்பி அனுப்பிடுங்க.' இதில் கேட்கப்படும் வேலைகள் மூன்றுதான். மூன்றும் எழுத்தறியாதவராலும் செய்யக்கூடியவை.

கைபேசியே இல்லாத வீடுகளுக்குக் குழந்தையே தூதாகப் போகலாம். மாலை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பாக, 'இன்று வீட்டில் என்ன சொல்லப் போகிறாய்?' என்று கேட்டு, வகுப்பு முழுவதும் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகு அனுப்பினால், செய்தி பெரும்பாலும் சிதையாமல் வீடு சேரும். பள்ளிச் சுவரில் உள்ள அறிவிப்புப் பலகையைவிட, காலையும் மாலையும் பால் ஊற்ற எல்லோரும் வரும் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலும் ரேஷன் கடைச் சுவரும் பயன்மிக்க இடங்கள். உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அந்தத் தாய்மார்கள் ஒவ்வொரு தெருவிலும் கொட்டாய் எனப்படும் சிற்றூரிலும் வசிப்பவர்கள். கூட்டத் தீர்மானத்தில் கையொப்பம் வாங்குவதோடு அவர்களை விட்டுவிடாமல், தம் தெருவிலுள்ள நான்கைந்து வீடுகளுக்குச் செய்தியைச் சொல்லும் பொறுப்பை ஏற்கச் சொன்னால் மனமுவந்து செய்வார்கள்.

மூன்றாம் படி: செயல்திட்டம் தொடங்கும் முன்பே கடிதம் அனுப்புங்கள்

செயல்திட்டம் முடிந்து காட்சிக்கு வைத்த பிறகு பெற்றோரை அழைப்பது வழக்கம். தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பாகவே தெரிவித்துவிட்டால் வீடும் அதில் பங்கெடுக்கும். கடிதத்தில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: எதைப் பற்றியது, எதற்காகச் செய்கிறோம், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, வீட்டிலிருந்து என்ன வேண்டும், எது வேண்டாம். இவற்றில் கடைசிச் செய்திதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. என் கருத்தில் பெற்றோரின் செலவையும் பதற்றத்தையும் அதிகம் குறைப்பது அதுவே.

தலைப்பை நம் மண்ணிலிருந்து எடுத்தால் பெற்றோரிடம் கேட்க நிறைய இருக்கும். ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் மாங்காய் வகைகளைப் பற்றிச் செய்யலாம். பெங்களூரா, அல்போன்சா, மல்கோவா, செந்தூரா, நீலம் என்று ஒவ்வொரு வகையையும் காம்பு, மூக்கு, தோலின் நிறம், மணம் ஆகியவற்றைக் கொண்டு பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மண்டிக்கும் தோப்புக்கும் போய்வரும் பெற்றோர்களே. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களில் பட்டுப்புழு வளர்ப்பு நல்ல தலைப்பு. நான்காம் வகுப்புக்கான கடிதம் இப்படி அமையலாம்:

'அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் மூன்று வாரங்களுக்கு நம் வகுப்புக் குழந்தைகள் பட்டுப்புழுவின் வாழ்க்கையைப் பற்றிய செயல்திட்டம் செய்கிறார்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்ற நான்கு நிலைகளைப் பார்த்து, கேட்டு, வரைந்து, தங்கள் சொற்களில் எழுத வேண்டும் என்பதே நோக்கம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ புழு வளர்த்தால், அது எத்தனை முறை தோல் உரிக்கிறது, எந்தப் பருவத்தில் இலை அதிகம் தின்கிறது, கூடு கட்டுவதற்காகச் சந்திரிகைத் தட்டில் எப்போது விடுவீர்கள் என்று குழந்தை கேட்கும், தெரிந்ததைச் சொல்லுங்கள். வளர்ப்பு மனைக்குள் குழந்தையை அழைத்துப் போவது உங்கள் விருப்பம். நோய்த் தொற்று வரக்கூடும் என்பதால் பல குழந்தைகளை ஒன்றாக உள்ளே விட வேண்டாம். கடையிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் வரைந்து கொடுக்க வேண்டாம். குழந்தை கோணலாக வரைந்தாலும் அதுவே எங்களுக்கு வேண்டும்.'

புழு நான்கு முறை தோல் உரிக்கிறது, ஐந்தாம் பருவத்தில்தான் பெரும்பகுதி இலையைத் தின்று தீர்க்கிறது என்பதைப் பாடநூலைப் புரட்டாமலேயே சொல்லக்கூடிய அப்பாக்களும் அம்மாக்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கையொப்பமிடத் தயங்கிப் பள்ளிப் பக்கமே வராதவர்கள், தமக்குத் தெரிந்த ஒன்றைப் பள்ளி கேட்கிறது என்று தெரிந்தால் வருவார்கள். ஒரு தாய் வகுப்புக்கே வந்து, மல்பெரி இலையை இளம்புழுவுக்கு எவ்வளவு பொடியாக நறுக்க வேண்டும் என்று காட்டினால், அன்று குழந்தைகள் எழுதும் வாக்கியங்களின் எண்ணிக்கையே வேறாக இருக்கும். கடிதத்தின் அடியில், 'வகுப்புக்கு வந்து பேச இயலுமா?' என்ற ஒரு வரியைச் சேர்ப்பதை மறக்க வேண்டாம்.

செயல்திட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வாரம் ஒரு படம் குழுவில் போட்டால் போதும். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை வெளியிட விருப்பமா என்று ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; விருப்பமில்லை என்பவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். கைகளும் வேலையும் மட்டும் தெரியும்படி எடுத்தால் எவருக்கும் சங்கடமில்லை. 'மிகச் சிறந்தது' என்று ஒரே குழந்தையின் வேலையை மட்டும் போடுவது, மற்ற வீடுகளில் அன்றிரவு திட்டு விழக் காரணமாகும்.

நான்காம் படி: வீட்டு வாசிப்புக்கு ஒரு பையும் ஒரு அட்டையும்

2022இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கிப் பின்னர் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிவான, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தாலும், நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாகச் சிறு புத்தகங்கள் தந்த வாசிப்பு இயக்கத்தாலும், அரசுப் பள்ளிகளில் குழந்தைகள் படிக்கத்தக்க புத்தகங்கள் இன்று கையில் இருக்கின்றன. அவற்றை அலமாரியில் பூட்டி வைக்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கிழியும், தொலையும் என்ற அச்சம் நியாயமானதே. புத்தகம் கிழிந்தால் பணம் கேட்கமாட்டோம் என்பதை முதல் கூட்டத்திலேயே தலைமையாசிரியர் வாயால் சொல்லச் செய்யுங்கள். அந்த உறுதி கிடைக்காதவரை பல வீடுகளில் புத்தகத்தைப் பரண்மேல் பத்திரமாக வைத்துவிடுவார்கள்.

பழைய வேட்டித் துணியிலோ கட்டைப் பையிலோ குழந்தைக்கு ஒரு புத்தகப் பை இருந்தால் போதும். அதற்குள் புத்தகத்தோடு ஓர் அட்டை. அட்டையில் நான்கு கட்டங்கள்: தேதி, புத்தகத்தின் பெயர், யார் கேட்டார்கள், குழந்தைக்குப் பிடித்த இடம். மூன்றாவது கட்டத்தில் பெற்றோரின் கையொப்பத்தைக் கேட்காதீர்கள். கேட்டவர் யாரென்று குழந்தையே எழுதட்டும்; எழுத வராத முதல் வகுப்புக் குழந்தை படம் வரையட்டும். அப்போது அந்தக் கட்டத்தில் பாட்டி வருவார், சித்தப்பா வருவார், கைபேசி வழியாகக் கேட்ட பெங்களூர் அப்பா வருவார், சில நாள் ஆட்டுக்குட்டியும் வரும். பெயருக்குப் போடும் கையொப்பத்தைவிட இதில் ஆசிரியருக்குக் கிடைக்கும் செய்தி அதிகம். தொடர்ந்து இரண்டு வாரம் ஆட்டுக்குட்டி மட்டுமே கேட்டிருந்தால், அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று பொருள்.

வாசிப்பு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி என்று நான் கருதுகிறேன். பத்து நிமிடம் போதும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். குழந்தை விரலை வரியின் கீழே நகர்த்திக்கொண்டு படிக்கட்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே எடுத்துக்கொடுக்காமல், மனத்துக்குள் ஐந்து எண்ணும் நேரம் காத்திருக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால், படிக்கத் தெரிந்தவர் அந்தச் சொல்லைச் சொல்லலாம். தெரியாதவர், 'படத்தைப் பார், அடுத்த வரிக்குப் போ' என்று சொல்லலாம். படித்து முடித்ததும், 'பிறகு என்ன ஆனது? அவன் ஏன் அப்படிச் செய்தான்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்க எழுத்தறிவு தேவையில்லை. இரவில் கதை சொல்லித் தூங்க வைத்த பாட்டிக்கு, தெருக்கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்த தாத்தாவுக்கு, இப்படிக் கேட்க நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. அது வாசிப்புக்கு உதவும் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

செய்யக் கூடாதவற்றையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தவறாகப் படித்த சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வது, பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது, களைத்து வந்த கோபத்தைப் புத்தகத்தின் மேல் காட்டுவது ஆகியவை குழந்தையைப் புத்தகத்திலிருந்து விலக்கிவிடும். குழந்தை ஒரே புத்தகத்தை மூன்றாம் முறை கேட்டால், 'இதைத்தான் படித்தாயே' என்று தடுக்காதிருப்பதும் அவசியம். மீண்டும் படிக்கும்போதுதான் எழுத்துக் கூட்டுவது குறைந்து, வாக்கியம் ஒரே மூச்சில் வருகிறது.

படிக்கத் தெரிந்த பெற்றோருக்கு இன்னும் நுட்பமாகச் சொல்லலாம். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வருவதால், முதல் இரண்டு வகுப்புகளில் பல குழந்தைகள் 'கொடி' என்பதைக் 'கெடி' என்று படித்துவிட்டு விழிப்பார்கள். இது கவனக்குறைவு அல்ல; கண் இடமிருந்து வலமாகப் போகும்போது காலைப் பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொள்கிறது. அத்தகைய எழுத்தில் விரலை ஒரு கணம் நிறுத்தி, இரு பக்கமும் பார்க்கச் சொன்னால் போதும் என்று அட்டையின் பின்பக்கம் எழுதி அனுப்பலாம்.

தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகளுக்குத் தனியாக ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் குழந்தைகள் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் தளிப் பக்கத்துக் கிராமத்தில் அந்தக் குழந்தை தமிழ்க் கதையை அவ்வா அல்லது அஜ்ஜி என்று தான் அழைக்கும் பாட்டியிடம் சொல்ல வேண்டியது அவர்கள் மொழியில்தான். தமிழில் படித்ததை வீட்டுமொழியில் திருப்பிச் சொல்வதற்குக் கதை உண்மையிலேயே புரிந்திருக்க வேண்டும். ஆகவே, 'வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள்' என்ற அறிவுரை வேண்டாம். 'உங்கள் மொழியில் கதையைக் கேளுங்கள்' என்ற செய்தியை, அந்த மொழி தெரிந்த ஒரு பெற்றோரின் குரலிலேயே பதிவு செய்து அனுப்புங்கள்.

வெளியூரில் வேலை செய்யும் பெற்றோர் வாரம் ஒரு இரவு கைபேசியில் குழந்தை படிப்பதைக் கேட்கலாம். புத்தகத்தின் பக்கங்களை முன்கூட்டியே படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிட்டால், அங்கே அவர்களும் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

ஐந்தாம் படி: முன்னேற்றத்தைச் சொல்லும் முறை

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உள்ளன. இவை கற்பிப்பதற்காக ஆசிரியர் வைத்துக்கொண்ட பிரிவுகள். 'உங்கள் மகள் அரும்பு' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், தாய் அதைக் கடைசி ரேங்க் என்றே எடுத்துக்கொள்வார். குழந்தையால் இப்போது என்ன முடிகிறது, அடுத்து என்ன வர வேண்டும், அதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன. மூன்று எழுத்துச் சொற்களைப் படிக்கிறாள். நீண்ட சொல் வந்தால் நின்றுவிடுகிறாள். பேருந்துப் பலகை, கடைப் பெயர் கண்ணில் பட்டால் படிக்கச் சொல்லுங்கள்.' இதைக் குழுவில் போடக் கூடாது. அந்த வீட்டுக்கு மட்டும் தொலைபேசியிலோ நேரிலோ தெரிவிக்க வேண்டும். தடுமாறும் குழந்தைகளின் வீட்டுக்கு முதல் அழைப்பு நல்ல செய்தியாகவே இருக்கட்டும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார்தான் என்று பழகிப்போனவர்கள் அடுத்த முறை தயங்காமல் எடுப்பார்கள்.

ஆறாம் படி: நேரில் சந்திக்கும் நாள்கள்

செயல்திட்டக் காட்சியை வேலைநாள் முற்பகலில் வைத்தால் நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் போகிறவர்களால் வர முடியாது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாள்களில் கொடியேற்றத்துக்குப் பெற்றோர் எப்படியும் வருகிறார்கள்; கிராம சபையும் அன்றே நடக்கிறது. காட்சியை அந்த நாள்களோடு இணைத்துவிடலாம். சந்தை நாளையும் ஊர் மாரியம்மன் பண்டிகையையும் விசாரித்துவிட்டே தேதி குறியுங்கள். ஆசிரியர் பேசுவதைக் குறைத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேலைக்குப் பக்கத்தில் நின்று தன் வீட்டாருக்கு விளக்கட்டும். யாரும் வராத குழந்தைகளுக்குச் சத்துணவு அமைப்பாளரையோ மேலாண்மைக் குழுத் தாய் ஒருவரையோ கேட்பவராக முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். அங்கே பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைப்பதைவிட, மாதம் ஒரு மாலை ஊர் கூடும் இடத்துக்குப் புத்தகப் பையோடு ஆசிரியர் போய்வருவதே நடக்கக்கூடிய காரியம்.

ஏழாம் படி: பதிலைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு பருவ முடிவிலும், அதாவது செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல் மாதங்களில், பெற்றோரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: எங்கள் செய்தி உங்களுக்கு எந்த வழியாக வந்தது, அதில் எது புரியவில்லை? கூட்டத்தில் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் 'நல்லா இருக்குங்க' என்றே சொல்வார்கள். காலை உணவு நேரத்தில் குழந்தையை விட வருபவரிடம் தனியாகக் கேட்டால்தான், 'டீச்சர், குரல் சின்னதா கேக்குது', 'அட்டையில எழுத்து பொடிசா இருக்கு' என்ற உண்மையான பதில்கள் வரும். முதல் படியில் நோட்டில் எழுதிய குறிப்புகளையும் அப்போதே திருத்துங்கள். கைபேசி எண் மாறியிருக்கும், வேலைக்குப் போன அம்மா திரும்பியிருப்பார்.

ஆண்டு முடிவில் அந்த நோட்டை அடுத்த வகுப்பு ஆசிரியரின் கையில் நேரில் கொடுத்து, எந்த வீட்டுக்குக் குரல் பதிவு வேண்டும், எந்தக் குழந்தைக்குக் கேட்பவர் இல்லை என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் குழந்தைகளின் வாசிப்பு அட்டைகளை அவர்களிடமே கொடுத்தனுப்பலாம். கோடை விடுமுறைக்கு முன்பாக அருகிலுள்ள ஊர்ப்புற நூலகத்தின் வேலை நேரத்தையும், உறுப்பினராகச் சேர என்னென்ன வேண்டும் என்பதையும் நூலகரிடம் கேட்டு, ஏப்ரலில் அனுப்பும் கடைசிக் குரல் பதிவில் சேர்த்துவிடுங்கள்.